ஸ்னோ குளோப் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கலாம்

ஒரு கண்ணாடிப் பாட்டில், மூடியின் உட்புறம் ஒட்டிய பொம்மை, தண்ணீர், கிளிசரின், கொஞ்சம் ஜிகினா. குலுக்கினால் உள்ளே பனி விழுவது போலத் தெரியும் ஸ்னோ குளோபுக்கு வேண்டியது இவ்வளவுதான். மூடியை இறுக்கித் தலைகீழாக நிறுத்திய பிறகுதான் தொல்லைகள் ஒவ்வொன்றாக வரும். ஜிகினா இறங்காது, நீர் கலங்கும், உச்சியில் குமிழி நிற்கும், அடியில் ஈரம் பிசுபிசுக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். 300 மில்லி பாட்டிலுக்கு 200 முதல் 225 மில்லி காய்ச்சி வடித்த நீர், மீதிக்குக் கிளிசரின், அரைத் தேக்கரண்டி ஜிகினா, பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு. உங்கள் அளவு இதிலிருந்து வெகுதூரம் போயிருந்தால் அங்கேயே தேட ஆரம்பிக்கலாம்.

கீழே உள்ள சோதனைகளில் பாதிக்கு மேல் ஒரு திறந்த டம்ளரில் செய்பவை. மூடியை நிரந்தரமாக அடைக்கும் முன்பே பொம்மை, ஜிகினா, பசை மூன்றையும் அதே கலவையில் இரண்டு நாள் ஊறப்போட்டுப் பார்த்துவிட்டால், இந்தப் பட்டியலின் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

ஜிகினா மேலேயே மிதக்கிறது

ஒரே மாதிரித் தெரியும், ஆனால் காரணம் இரண்டு. காய்ந்த ஜிகினாத் துகள் சட்டென்று நனையாது. நீரின் மேற்பரப்பு இழுவிசை அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். இது ஒன்று. துகளின் பொருளே கலவையைவிட லேசானதாக இருப்பது மற்றொன்று.

எது என்று கண்டுபிடிக்க ஒரு பல்குத்தும் குச்சி போதும். டம்ளரில் கலவையை ஊற்றி, மிதக்கும் துகள் ஒன்றைக் குச்சியால் நன்றாக உள்ளே அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றையும் தட்டிவிடுங்கள். துகள் கீழே இறங்கினால் சிக்கல் இழுவிசையில்தான். அமுக்க அமுக்க மறுபடி மேலே வந்தால் பொருளில் சிக்கல்.

இழுவிசைக்கு மருந்து அந்த ஒரு சொட்டு லிக்விட். அதைப் பாட்டிலில் விடாதீர்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் ஜிகினாவைப் போட்டு, லிக்விட் ஒரு சொட்டும் நீர் இரண்டு கரண்டியும் விட்டு விரலால் பிசைந்து, எல்லாத் துகளும் நனைந்து கீழே படிந்ததும் மேல்நீரை வடித்துவிட்டுப் பாட்டிலுக்கு மாற்றுங்கள். துகள் நனைந்துவிடும், நுரையும் வராது.

பொருளே லேசானது என்றால் சோப்பு எதுவும் செய்யாது. சாதாரண ஜிகினா பாலியெஸ்டர் படலத்தில் வெட்டியது. நீரின் அடர்த்தி 1 என்றால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 1.38, அதனால் இறங்கும். பாலித்தீன் பையை நறுக்கிப் போட்டால் அது 1-க்கும் கீழே, வெறும் நீரிலேயே மிதக்கும். தெர்மாகோல் மணிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏமாற்றுவது கெட்டியான பாலிஸ்டைரீன். அதன் அடர்த்தி 1.05. வெறும் நீரில் மெதுவாக, அழகாக இறங்கும். ஆனால் கிளிசரினின் அடர்த்தி 1.26 என்பதால், 30 சதவீதம் கிளிசரின் விட்ட கலவை 1.08-ஐத் தொட்டுவிடும். நேற்று வெறும் நீரில் இறங்கிய துகள் இன்று கலவையில் மிதப்பதற்கு இதுதான் காரணம். ஜிகினாவை மாற்றுங்கள், வேறு வழியில்லை.

கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்கிறது

பெரும்பாலும் மேலே சொன்ன நனையாத சிக்கல்தான். பிசைந்து நனைத்தால் தீரும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பொம்மையின் மேல் மட்டும் போய் அப்பிக்கொண்டால், பொம்மையின் வார்னிஷோ பசையோ இன்னும் காயவில்லை என்று பொருள். விரலால் தொட்டுப் பாருங்கள், லேசான பிசுக்கு தெரியும். இரண்டு குழாய்களில் வரும், கலந்து ஒட்டும் பசையான எபாக்ஸியில் இரண்டிலிருந்தும் சம அளவு எடுக்காவிட்டால் அந்தப் பிசுக்கு ஒருநாளும் போகாது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்து ஒட்டுவதுதான் வழி.

பனி மிக வேகமாக விழுகிறது

உடனே எல்லோரும் கிளிசரினைக் கூட்டுவார்கள். நான் அதைக் கடைசியில்தான் செய்வேன். காரணம் இருக்கிறது.

தூய கிளிசரின் 20 டிகிரியில் நீரைப்போல ஏறக்குறைய 1,400 மடங்கு பாகாக இருக்கும். நீர் கலந்ததும் அந்தப் பாகு சரசரவென்று குறைந்துவிடும். எடையில் பாதிக்குப் பாதி கலந்தால் நீரைப்போல 6 மடங்குதான். 70 சதவீதத்தில் 22 மடங்கு, 80 சதவீதத்தில் 60 மடங்கு. நாம் வழக்கமாக விடும் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்பதெல்லாம் இரண்டரை முதல் மூன்றரை மடங்கு வரைதான் கொடுக்கும். அதாவது இன்னும் ரெண்டு கரண்டி கிளிசரின் விட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதற்காகப் பாதியைத் தாண்டி ஊற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் துகள் நகரவே நகராது. உள்ளே மாட்டிய பொடிக் குமிழிகளும் மேலே ஏறாமல் அப்படியே தொங்கும்.

துகளைச் சின்னதாக்கினால் பலன் உடனே தெரியும். ஒரே பொருள், ஒரே வடிவம் என்று வைத்துக்கொண்டால் துகளின் அளவைப் பாதியாக்கும்போது விழும் வேகம் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். அதனால் முதலில் நைசான ஜிகினா, அப்புறம் தேவைப்பட்டால் கிளிசரின்.

முட்டை ஓட்டை நொறுக்கிப் பனியாகப் போடும் பழக்கமும் உண்டு. ஓடு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அடர்த்தி அதிகம் என்பதால் தடதடவென்று கீழே வந்துவிடும். உட்புறத்துச் சவ்வை உரிக்காமல் போட்டால் அது அழுகி நீரைக் கலக்கும் என்பது கூடுதல் தொல்லை. ரவையும் வேண்டாம், ஊறிப் பெருத்து நாறிவிடும். வியன்னாவில் 1900 வாக்கில் ஸ்னோ குளோபை உருவாக்கிக் காப்புரிமையும் வாங்கிய எர்வின் பெர்சி, விளக்கின் ஒளியைக் கூட்டப் போய்த்தான் நீர் நிரப்பிய கண்ணாடிக் குண்டில் ரவையைப் போட்டுப் பார்த்தார் என்று சொல்வார்கள். அங்கிருந்துதான் பனி விழும் யோசனையே பிறந்ததாம். யோசனை நிலைத்தது, ரவை நிலைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. நீரைக் கெட்டியாக்க காருக்கு ஊற்றும் கூலண்டை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், சுவையோ இனிப்பு. பாட்டில் உடைந்து சிந்தினால் குழந்தையும் நக்கும், நாயும் நக்கும்.

நீர் கலங்கலாக இருக்கிறது

இங்கே எப்போது கலங்கியது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

ஊற்றிய உடனே, நெளிநெளியான கோடுகளுடன் கலங்கினால் அது பிழையே இல்லை. கிளிசரின் இன்னும் நீரோடு கலக்கவில்லை. இரண்டும் ஒளியை வளைக்கும் அளவு வேறு என்பதால் கலவை எல்லைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. மெதுவாகக் கிளறினால் மறையும்.

கலக்கியதும் பால் போல வெளுத்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்தால் அவை பொடிக் காற்றுக் குமிழிகள். வேகமாக அடித்துக் கலக்கியதன் விளைவு. அந்த நேரம் கடக்காமல் மூடியைப் போடாதீர்கள்.

அன்றைக்கே அடியில் வெள்ளைப் பொடி படிந்து, குலுக்கினால் புகைமூட்டமாகிறதா? குழாய் நீரையோ கிணற்று நீரையோ கொதிக்கவைத்து ஊற்றியிருப்பீர்கள். கடின நீரைக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள சுண்ணாம்பு பிரிந்து வெளியே வரும். கொதித்தால் சுத்தம் என்று நினைத்துச் செய்ததே கலங்கலுக்குக் காரணமாகிவிடும். காய்ச்சி வடித்த நீரை வாங்கிவிடுங்கள், அதில் இந்தச் சிக்கல் வராது.

ஒன்றிரண்டு நாளில் கலங்கினால் உள்ளே ஏதோ கரைகிறது. பொம்மையைச் சந்தேகப்படுங்கள். தானாகக் காயும் களிமண் நீரில் குழைந்துவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மெல்ல மாவாக உதிரும். வெள்ளைப் பசை மறுபடி பாலாகிவிடும். பீங்கான், கண்ணாடி, கெட்டிப் பிளாஸ்டிக், ரெசின், அடுப்பில் சுட்ட பாலிமர் களிமண் ஆகியவை தாங்கும்.

வாரக் கணக்கில் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு மங்கி, கண்ணாடியின் உட்புறம் வழுவழுப்பு ஏறினால் அது நுண்ணுயிர்களின் வேலை. நிறைய நீர் சேர்ந்த கிளிசரின் அவற்றுக்குச் சாப்பாடு. இதற்கு ப்ளீச் சில சொட்டுகள் விடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ப்ளீச் சாயத்தை வெளுக்கும், உலோக மூடியைத் துருவேற்றும், ஜிகினாவின் பளபளப்புக்குக் காரணமான அலுமினியப் பூச்சையும் அரிக்கும். கழுவுவதிலேயே கவனமாக இருந்தால் போதும். பாட்டிலை மட்டும் நீரில் போட்டு 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். மூடியையும் பொம்மையையும் சோப்பு நீரில் கழுவி, பூச்சைப் பாதிக்காது என்றால் ஸ்பிரிட்டால் துடையுங்கள். காய்ச்சி வடித்த நீரையும் ஒருமுறை கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். அப்புறம் கையால் உள்ளே தொடக்கூடாது.

நீரில் நிறம் ஏறுகிறது

ஜிகினாவின் நிறமேதான் நீரிலும் தெரிகிறது என்றால் மலிவான சாயம் கரைகிறது. துகள்கள் கண்ணாடி போல வெளுத்துக்கொண்டு வருவதையும் கூடவே பார்ப்பீர்கள். ஜிகினாவை மாற்ற வேண்டியதுதான்.

பழுப்பு மஞ்சள் என்றால் துரு. மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். பசை நன்றாகப் பிடிக்க உப்புத்தாளால் தேய்க்கச் சொல்வது வழக்கம், நல்ல யோசனைதான். ஆனால் தகர மூடியின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய பூச்சுதான் இரும்பை நீரிலிருந்து காப்பாற்றுகிறது. அதை முழுக்கத் தேய்த்துவிட்டு நடுவில் மட்டும் பொம்மையை ஒட்டினால், சுற்றியுள்ள வளையம் முழுவதும் துருவுக்குத் திறந்து கிடக்கும். தேய்ந்த இடம் மங்கலாக, கீறல் கீறலாக இருக்கும். துரு அந்தக் கீறல்களின் ஓரத்தில்தான் முதலில் ஊசிமுனை அளவில் புள்ளி வைக்கும். பொம்மையின் அடிப்பாகம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் தேய்த்து, தேய்த்த இடம் ஒரு நூலிழைகூட வெளியே தெரியாமல் எபாக்ஸியால் மூடிவிடுங்கள். ஏற்கெனவே முழுக்கத் தேய்த்தாயிற்று என்றால் மூடியின் உட்புறம் முழுவதும் மெல்லிய எபாக்ஸிப் பூச்சு கொடுங்கள். பிளாஸ்டிக் மூடி கிடைத்தால் இந்தக் கதையே வேண்டாம்.

லேமினேட் செய்த படத்தை உள்ளே வைப்பவர்கள் படத்தின் விளிம்போடு ஒட்ட வெட்டக்கூடாது. சுற்றிலும் 5 மில்லிமீட்டராவது வெறும் பிளாஸ்டிக் விட்டு வெட்டினால்தான் நீர் ஓரம் வழியாக ஏறாது.

உச்சியில் காற்றுக் குமிழி நிற்கிறது

மூடிய அன்றே இருக்கும் குமிழி, நிரப்பியது போதவில்லை என்பதைக் காட்டும். பாட்டிலின் விளிம்புவரை கலவையை ஊற்றி, பொம்மை ஒட்டிய மூடியைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு பக்கமாக மெதுவாக இறக்குங்கள். காற்று மறுபக்கத்தால் வெளியேறும். கீழே ஒரு தட்டு இருக்கட்டும், வழியத்தான் செய்யும். வழிவதைக் குறைக்கவும் வழி உண்டு. முதலில் வெறும் நீரை விளிம்புவரை நிரப்பி, பொம்மையை முழுக்க முக்கி எடுத்துவிடுங்கள். பாட்டிலில் மிஞ்சியிருக்கும் மட்டத்தைப் பேனாவால் வெளியே குறித்துக்கொண்டால், உண்மையான கலவையை அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிரப்பினால் போதும்.

மறுநாள் கண்ணாடியிலும் பொம்மையிலும் முத்து முத்தாகக் குமிழிகள் ஒட்டியிருந்தால், நீரில் கரைந்திருந்த காற்று வெளியே வந்திருக்கிறது. குளிர்ந்த நீரில் காற்று அதிகம் கரைந்திருக்கும், அறையின் சூட்டுக்கு வந்ததும் பிரியும். கொதித்து ஆறிய நீரில் இது வராது. ஆனால் ஆறாமல் மூடாதீர்கள். சூடாக மூடினால் ஆறும்போது நீர் சுருங்கிக் குமிழியை உண்டாக்கும்.

பொம்மையின் காலடியிலிருந்து நாள் முழுக்க ஒவ்வொரு குமிழியாகக் கிளம்புகிறதா? பொம்மை உள்ளீடற்றது. அடியில் எங்கோ துளை இருக்கிறது. பொம்மையைக் கழற்றி, உள்ளே எபாக்ஸி நிரப்பி அடைக்க வேண்டும்.

குளிர்ந்தால் பெரிதாகி, வெயில் நேரத்தில் சிறுக்கும் குமிழியைத் தொடாதீர்கள், அது இருப்பது நல்லது. 300 மில்லி நீர் 20 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 1.25 மில்லி பெருக்கும். கிளிசரின் கலந்தது இன்னும் கூட. கண்ணாடி அந்த அளவுக்கு விரியாது. இடமே இல்லாமல் அடைத்த பாட்டிலில் அந்த அழுத்தம் முழுவதும் மூடியின் பசையைத்தான் தள்ளும். ஒரு சின்னக் குமிழியைப் பொறுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பேன்.

வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டே போகும் குமிழி மட்டும் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ கசிகிறது.

கசிகிறது

கசிவு எந்த இடம் என்று தெரியாமல் பசையை அப்புவதில் பயனில்லை. வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவைத்து, மூடியைச் சுற்றி ஒரு டிஷ்யூத் தாளைச் சுற்றி, தலைகீழாக ஓர் இரவு நிறுத்துங்கள். தாள் ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அங்கே விளிம்பில் பொத்தலோ மூடியில் நசுங்கலோ இருக்கும். சுற்றிலும் நனைந்தால் அடைப்பே பிடிக்கவில்லை.

அடைப்பு பிடிக்காததற்குப் பெரும்பாலும் கிளிசரின்தான் காரணம். விளிம்புவரை ஊற்றும்போது வழிந்த கலவை மரையில் மெல்லிய படலமாக நின்றுவிடும். பார்த்தால் தெரியாது. தொட்டால் மட்டும் வழுக்கும். அதன்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. ஸ்பிரிட் தொட்ட துணியால் மரையைத் துடைத்து, உலர்ந்த பிறகே சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) போட வேண்டும். மூடும்போது மறுபடி நனைந்தால் கவலைப்படாதீர்கள். இறுக்கி மூடி, வெளிப்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, மூடியும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்தில் வெளியே ஒரு வரி சீலண்ட் கொடுங்கள். மரையில் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றினால் இன்னும் உறுதி. டேப்புக்கு ஈரம் ஒரு பொருட்டல்ல.

சிலிகான் சீலண்டில் காடி நெடி அடிக்கும் வகை ஒன்று உண்டு. அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், தகர மூடியை அரிக்கும். நெடி இல்லாத நியூட்ரல் வகையை எடுங்கள். சிலிகான் காற்றின் ஈரத்தைக் கொண்டு வெளியிலிருந்து உள்ளே காயும். ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான். தடிமனாக அப்பிவிட்டு மறுநாளே குலுக்கினால் உள்ளே இன்னும் பச்சையாக இருக்கும்.

பொம்மை கழன்று விழுந்துவிட்டது

க்ளூ கன் பசையாக இருந்தால் ஆச்சரியமே இல்லை. வழவழப்பான உலோகத்திலும் கண்ணாடியிலும் அது ஒட்டுவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. நீர் இடுக்கில் புகுந்ததும் பசை முழுசாக, அச்சு மாறாமல் உரிந்து வரும். சூப்பர் க்ளூ உடனே பிடிக்கும். ஆனால் நொறுங்கும் தன்மை உடையது, நாள்பட்ட ஈரத்தில் விட்டுவிடும், சுற்றிலும் வெள்ளைப் படலத்தையும் விட்டுச் செல்லும். எபாக்ஸிதான் சரி. 5 நிமிட வகை 5 நிமிடத்தில் இறுகினாலும் முழு வலு வர ஒரு நாள் ஆகும். அவசரமில்லை என்றால் மெதுவாக இறுகும் வகை நீரை நன்றாகத் தாங்கும். உள்ளீடற்ற பொம்மை என்றால் அது எப்போதும் மேலே மிதக்கவே முட்டிக்கொண்டிருக்கும். நிரப்பிவிட்டு ஒட்டுங்கள்.

பொம்மை சரியாகத் தெரியவில்லை

மூடியின் விளிம்பு கால்களை மறைக்கிறது என்றால் கீழே ஒரு பிளாஸ்டிக் மூடியோ கூழாங்கல்லோ வைத்து உயர்த்துங்கள். பக்கவாட்டில் பெருத்துத் தெரிந்தால், நீர் நிரம்பிய உருண்டைக் கண்ணாடி லென்ஸாக வேலை செய்கிறது. ஒல்லியான, சின்னப் பொம்மையாகத் தேர்ந்தெடுங்கள். அதே லென்ஸ் வெயிலையும் குவிக்கும், பக்கத்தில் துணியோ காகிதமோ இருந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம்.

நுரை அடங்கவில்லை

லிக்விட் அதிகம். பாதிக் கலவையை எடுத்துவிட்டு, அதே அளவில் லிக்விட் சேராத புதுக் கலவையை ஊற்றுங்கள்.

அடைத்துவிட்டேன், இப்போது திறக்க வேண்டும்

சிலிகான் என்றால் வெளிவரியை பிளேடால் சுற்றிலும் கீறி எடுத்து, பாட்டிலின் மூடிப் பக்கத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்துத் திருகுங்கள். எபாக்ஸி என்றால் மூடி போனதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அடைத்த பாட்டிலை நெருப்பில் காட்டுவதும் வேண்டாம், தட்டி உடைப்பதும் வேண்டாம். தகர மூடியின் ஓரத்தில் ஒரு சின்னத் துளை போட்டுக் கலவையை வடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நிறம், கலங்கல் போன்ற குறைகளுக்குத் துளை வழியாகவே சிரிஞ்சால் இரண்டு மூன்று முறை அலசி, புதுக் கலவையை ஏற்றலாம். பிறகு துளையில் ரப்பர் வாஷர் போட்ட துருப்பிடிக்காத திருகாணியை இறுக்கி, மேலே துளி சிலிகான் வைத்து அடைக்கவும். அடுத்த குளோப் செய்யும்போது இந்தத் துளையை, பொம்மையை ஒட்டும் முன்பே போட்டு வைத்துவிடுங்கள். வெட்டிய விளிம்பில் கொஞ்சம் எபாக்ஸி தடவ மறக்காதீர்கள், துரு அங்கிருந்துதான் தொடங்கும்.